5 மெகாபிட் காணொளி 50 மெகாபிட் இணைப்பில் ஏன் திணறுகிறது?

வேகச் சோதனைத் தளம் விநாடிக்கு 50 மெகாபிட் என்று காட்டுகிறது. பார்க்க விரும்பும் காணொளிக்கோ விநாடிக்கு 5 மெகாபிட் போதும். பத்து மடங்கு இடம் இருந்தும் படம் நடுவில் நின்று, வட்டம் சுழலத் தொடங்குகிறது. 'நெட் ஸ்லோ' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த 50 என்பது சோதனை நடந்த சில விநாடிகளின் சராசரி. அந்த 5 என்பது படம் முழுவதற்கும் போட்ட சராசரி. இரண்டுமே பொய்யில்லை. படம் நின்றது ஒரு குறிப்பிட்ட அரை விநாடியில். அந்த அரை விநாடியைப் பற்றி இரண்டு எண்களும் எதுவும் சொல்வதில்லை.

அந்தக் கணத்தில் வரத்து கூடி, வழி குறுகும்போது, தரவு எங்கேயாவது காத்திருந்துதான் ஆக வேண்டும். சுருக்கிய காணொளியை வலையமைப்பின் வழியே அனுப்புவதில் கடந்த முப்பது ஆண்டுகளாகச் செய்யப்பட்டவற்றில் பெரும்பகுதி, அந்தக் காத்திருப்பை எங்கே வைப்பது என்ற ஒரு கேள்விக்கான விடைகள்தாம்: காணொளியைச் சுருக்கும் என்கோடருக்குள்ளா, வழியிலுள்ள ரவுட்டரிலா, பார்ப்பவரின் பிளேயரிலா? வைக்கும் இடத்தைப் பொறுத்து, அதே காத்திருப்பு யாருக்கும் தெரியாமலே கடந்துபோகலாம், படத்தை நிறுத்தலாம், அல்லது அதே இணைப்பில் பேசிக்கொண்டிருக்கும் இன்னொருவரின் குரலைச் சிதைக்கலாம்.

சுருக்கத்தின் அளவை முதலில் பார்த்துவிடலாம். 1920×1080 அளவுள்ள ஒரு ஃபிரேமில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் விநாடிக்கு 1.49 ஜிகாபிட் ஆகிறது. மனிதக் கண் ஒளியின் ஏற்ற இறக்கத்தை உணரும் அளவுக்கு நிறத்தின் ஏற்ற இறக்கத்தை உணர்வதில்லை என்பதால், நிறத் தகவலைக் கால் பங்காகக் குறைத்துவிடுவது வழக்கம். அப்படிச் செய்தாலும் 746 மெகாபிட் எஞ்சும். அதை 5 மெகாபிட்டாக ஆக்குவதென்றால் ஏறக்குறைய 150-இல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். 2003-இல் வந்த எச்.264 என்ற கோடெக் (சுருக்கும் முறை) இதைச் சாதாரண வேலையாக்கியது. அதன் பாதி பிட்டில் அதே தரம் என்ற இலக்கோடு 2013-இல் எச்.இ.வி.சி வந்தது, 2018-இல் ஏ.வி.1, 2020-இல் வி.வி.சி என்று அந்த வரிசை தொடர்கிறது. கோடெக் மாற மாற எண்கள் சிறுத்தாலும், சுருக்கிய காணொளியின் குணம் ஒன்று மாறவே இல்லை. அது சீராக ஓடுவதில்லை.

காரணம் சுருக்கும் முறையிலேயே இருக்கிறது. ஐ-ஃபிரேம் எனப்படுவது தன்னளவில் முழுமையான படம். பி-ஃபிரேம்கள் இரு வகை (P, B), அவை அக்கம்பக்கத்து ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்பவை. விநாடிக்கு 30 ஃபிரேம், விநாடிக்கு 5 மெகாபிட் என்ற கணக்கில், சராசரியாக ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 21 கிலோபைட் கிடைக்கும். ஆனால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை வரும் ஐ-ஃபிரேம் 150 கிலோபைட் எடுத்துக்கொள்வது இயல்பானதே. மற்ற 59 ஃபிரேம்களும் எஞ்சிய 1,100 கிலோபைட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். அந்த ஐ-ஃபிரேம் தனக்குரிய 33 மில்லிவிநாடிக்குள் போய்ச் சேர வேண்டுமானால் வழி விநாடிக்கு 36 மெகாபிட் அகலமாக இருக்க வேண்டும். காணொளியின் பெயர்ப்பலகையில் 5 என்றுதான் எழுதியிருக்கும்.

இந்தக் கணக்கை நான் ஏட்டில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு கருத்தரங்கை நேரலையாக அனுப்பும் பொறுப்பு வந்தது. அரங்கில் விநாடிக்கு 6 மெகாபிட் பதிவேற்ற வேகம் இருந்தது, என்கோடரில் 4.5 என்று வைத்தேன், போதுமான இடைவெளி இருப்பதாக நினைத்தேன். பேச்சாளர் பேசிக்கொண்டிருந்தவரை எந்தக் குறையும் இல்லை. அவர் திரையில் அடுத்த ஸ்லைடைப் போடும்போதெல்லாம் ஒளிபரப்பு ஓரிரு விநாடி அறுந்தது. திரை முழுவதும் ஒரே நொடியில் மாறியதால் என்கோடர் ஒரு பெரிய ஐ-ஃபிரேமை அங்கே செருகியது. அந்த வெடிப்பைத் தாங்க வழியில் இடமில்லை. 4.5 என்பது சராசரி இலக்கு மட்டுமே என்பதையும், உச்ச வரம்பு என்று ஒன்றைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்பதையும் அன்று மாலைதான் புரிந்துகொண்டேன்.

அந்த உச்ச வரம்புக்குப் பின்னால் இருப்பது வி.பி.வி எனப்படும் கற்பனைப் பஃபர், அதாவது தரவைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் இடம். பெறுபவரின் பக்கத்தில் குறிப்பிட்ட கொள்ளளவுள்ள தொட்டி ஒன்று இருப்பதாகவும், அதில் ஒரே சீராக நீர் விழுந்துகொண்டே இருப்பதாகவும், ஒவ்வொரு ஃபிரேமும் தன் அளவுக்கு அதிலிருந்து மொண்டுகொள்வதாகவும் என்கோடர் வைத்துக்கொள்கிறது. தொட்டி ஒருபோதும் வறண்டுவிடாதபடி ஃபிரேம்களின் அளவைக் கட்டுப்படுத்துவதே அதன் வேலை. உச்ச வீதம் 5,000 கிலோபிட், தொட்டி 10,000 கிலோபிட் என்று கொடுத்தால், இரண்டு விநாடி அளவுக்கு ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறோம் என்று பொருள். தொட்டி பெரிதானால் கடினமான காட்சிக்கு அதிகப் பிட் கிடைத்துப் படம் அழகாகும், ஆனால் தொடக்கத் தாமதம் கூடும். சிறிதானால் ஓட்டம் சீராகும், ஆனால் கடலலையோ, பறக்கும் காகிதத் துணுக்குகளோ திரையில் வந்தவுடன் படம் கட்டம் கட்டமாக உடையும். முற்றிலும் மாறா வீதத்தில் அனுப்புவதைச் சிலர் இன்னும் பாதுகாப்பானதாகக் கருதுகிறார்கள். அசையாத காட்சிகளுக்குத் தேவையற்ற பிட்டுகளைக் கொட்டி நிரப்பும் அந்த முறை, ஒளிபரப்புக் கோபுரங்களின் காலத்துக்குப் பொருந்தியது. இணையத்தில் உச்ச வரம்புடன் கூடிய மாறும் வீதமே பெரும்பாலான இடங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

என்கோடரைத் தாண்டி வெளியே வந்த பிட்டுகளை எப்படி அனுப்புவது என்பதில் ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது. 1996-இல் வரையறுக்கப்பட்ட ஆர்.டி.பி நெறிமுறையில் அனுப்புபவரே வேகத்தைத் தீர்மானிப்பார், தரவுப் பொட்டலங்கள், போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்காத யு.டி.பி முறையில் தொடர்ந்து தள்ளப்படும். பெறுபவர் இழப்பையும் தாமதத்தையும் அவ்வப்போது அறிக்கையாகத் திருப்பி அனுப்புவார். 2009-இல் ஆப்பிளின் எச்.எல்.எஸ்ஸும், 2012-இல் சர்வதேசத் தரமாக வந்த டேஷும் இந்த உறவைத் தலைகீழாக்கின. காணொளி சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சாதாரணக் கோப்பாக வலை சர்வரில் வைக்கப்படுகிறது. எந்தத் தரத்தின் எந்தத் துண்டு வேண்டும் என்று பிளேயரே கேட்டு வாங்குகிறது. கோப்பு என்பதால் எந்தத் தற்காலிகச் சேமிப்பகமும் அதை வைத்துக்கொள்ளலாம், எந்த ஃபயர்வாலும் தடுக்காது. சர்வருக்கு மூளை தேவையில்லாமல் போயிற்று. முடிவெடுக்கும் சுமை முழுவதும் பார்ப்பவரின் கைபேசிக்கு மாறியது.

அந்த முடிவு எவ்வளவு சங்கடமானது என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். நான்கு விநாடித் துண்டு, தரம் விநாடிக்கு 5 மெகாபிட் என்றால், துண்டின் அளவு 20 மெகாபிட். இணைப்பு விநாடிக்கு 6 மெகாபிட் தருகிறதென்றால் 3.3 விநாடியில் துண்டு இறங்கிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் 0.7 விநாடி லாபமாகப் பஃபரில் சேரும். திடீரென்று இணைப்பு 2 மெகாபிட்டுக்குச் சரிகிறது. அதே துண்டு இறங்க இப்போது 10 விநாடி ஆகும். அதற்குள் 10 விநாடிப் படம் ஓடித் தீர்ந்திருக்கும், வந்துசேர்வது 4 விநாடிப் படம் மட்டுமே. பஃபரில் 12 விநாடி இருந்தால், முதல் துண்டு முடியும்போது 6 ஆகிவிடும். அடுத்த துண்டு பாதியில் இருக்கும்போதே படம் நின்றுவிடும். 1.5 மெகாபிட் தரத்துக்கு இறங்கியிருந்தால் துண்டு 3 விநாடியில் வந்திருக்கும், பார்ப்பவருக்குச் சற்று மங்கலான முகம் தெரிந்ததைத் தவிர வேறெதுவும் நேர்ந்திருக்காது. ஆக, பிளேயர் எப்போது இறங்க வேண்டும் என்பதுதான் எல்லாம். சரிவை உணர்வதற்கே ஒரு துண்டின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. நல்ல பிளேயர்கள் இறங்கிக்கொண்டிருக்கும் துண்டைப் பாதியிலேயே கைவிட்டுச் சிறியதைக் கேட்கவும் துணிகின்றன.

முந்தைய துண்டுகள் வந்த வேகத்தை அளந்து அடுத்ததைத் தேர்ந்தெடுப்பதே இயல்பான வழியாகத் தோன்றும். முதல் தலைமுறைப் பிளேயர்கள் அப்படித்தான் செய்தன. ஆனால் உலாவியில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியை ஐந்து நிமிடம் கவனித்தால் அந்த வழியின் ஓட்டை கண்ணில் படும். பஃபர் நிரம்பியபின் பிளேயர் தொடர்ந்து தரவு கேட்பதில்லை. ஒரு துண்டை வாங்குகிறது, சில விநாடி சும்மா இருக்கிறது, மறுபடி ஒன்றை வாங்குகிறது. வரைபடத்தில் பட்டைகளும் வெற்றிடங்களும் மாறி மாறி வரும். அந்த வெற்றிடத்தில் அதே வழியில் ஒரு பெரிய கோப்பிறக்கம் நடந்துகொண்டிருந்தால், அது முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளும். பிளேயர் திரும்பி வரும்போது, தரவை விடுபடாமல் கொண்டுசேர்க்கும் டி.சி.பி நெறிமுறை தன் வேகத்தை மறுபடி மெல்ல ஏற்ற வேண்டியிருக்கிறது. துண்டோ சிறியது, உச்சத்தை எட்டுமுன் முடிந்துவிடுகிறது. 'இணைப்பின் வேகமே இவ்வளவுதான்' என்று பிளேயர் தப்பாகக் கணித்து, தரத்தைக் குறைக்கிறது. தரம் குறைந்தால் துண்டு இன்னும் சிறியதாகிறது, அளவீடு இன்னும் கீழே போகிறது. நியாயமான பங்கு கிடைக்கக்கூடிய இணைப்பில் பிளேயர் தானாகவே படுகுழிக்குள் இறங்கும் இந்தச் சுழலை, மூன்று பெரிய சேவைகளில் அளந்து 2012-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

அவர்களில் சிலரே நெட்ஃபிளிக்ஸுடன் சேர்ந்து 2014-இல் முன்வைத்த மாற்று, எளிமையால் வியக்கவைப்பது. வேகத்தை அளப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டு, பஃபரில் எத்தனை விநாடி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துத் தரத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். பஃபர் குறைவாக இருந்தால் தாழ்ந்த தரம், நிறைந்திருந்தால் உயர்ந்த தரம். வேகம் பற்றிய எல்லாத் தகவலும், நிறைவதும் வடிவதுமாகப் பஃபரிலேயே ஏற்கனவே பதிந்திருக்கிறது என்பதே இதன் அடிப்படை. உண்மையான பார்வையாளர்களிடம் சோதித்தபோது படம் நின்றுபோகும் நிகழ்வுகள் 10 முதல் 20 சதவீதம் குறைந்தன. தொடக்கத்தில், பஃபர் காலியாக இருக்கும்போது, பஃபரைப் பார்த்து எதையும் அறிய முடியாதாகையால் அங்கே மட்டும் வேக மதிப்பீடு தேவைப்படுகிறது. இன்றைய பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் கலந்தே பயன்படுத்துகின்றன.

துண்டுகளின் தரப் படிக்கட்டை அமைப்பதிலும் நீண்டகாலம் ஒரு சோம்பல் இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் ஒரு காலத்தில் எல்லாப் படங்களுக்கும் 235 கிலோபிட்டில் தொடங்கி 5,800 கிலோபிட்டில் முடியும் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தியது. தட்டையான நிறங்கள் கொண்ட கார்ட்டூனுக்கும் புழுதி பறக்கும் சண்டைக் காட்சிக்கும் ஒரே அளவு பிட் என்பது வீண் என்று 2015 டிசம்பரில் அறிவித்து, படத்துக்குப் படம் தனிப் படிக்கட்டு என்ற முறைக்கு மாறியது. இணைப்பில் எதையும் தொடாமல், அனுப்பப்படும் பிட்டுகளைக் குறைத்து நெரிசலைக் குறைத்த இந்த ஏற்பாடு, வலையமைப்புப் பொறியாளர்களிடம் உரிய கவனத்தைப் பெறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி வழியின் நடுவே நிற்கும் வரிசைக்கு வருவோம். ரவுட்டருக்குள் வரும் பொட்டலங்கள் வெளியேறுவதைவிட வேகமாக வந்தால் அதன் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். நினைவகம் மலிவானதும், 'பொட்டலத்தை இழப்பது பாவம்' என்ற எண்ணத்தில் உற்பத்தியாளர்கள் வரிசைக்கு இடத்தை அள்ளிக் கொடுத்தார்கள். ஒரு மோடத்தில் 1 மெகாபைட் வரிசை, பதிவேற்ற வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் என்று கொள்வோம். வரிசை நிரம்பிவிட்டால் கடைசியில் நிற்கும் பொட்டலம் வெளியேற 4 விநாடி ஆகும். டி.சி.பி நெரிசலை அறிந்துகொள்வதோ பொட்டலம் இழக்கப்படுவதைக் கொண்டு. 1988-இல் வான் ஜேக்கப்சன் வகுத்த நெரிசல் கட்டுப்பாட்டின் உயிர்நாடி அந்த இழப்புதான். இழப்பை வரிசை ஒளித்துவைப்பதால் அனுப்புபவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஜிம் கெட்டிஸ் 2010-இல் தம் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு 'பஃபர்ப்லோட்' (பஃபர் வீக்கம்) என்று பெயரிட்டுப் பரப்பினார். கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை இதற்கு நேரான மருந்து: வரிசையின் நீளத்தை அது பொருட்படுத்துவதில்லை, ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை அளக்கிறது. காத்திருப்பு 5 மில்லிவிநாடிக்குமேல் 100 மில்லிவிநாடி தொடர்ந்தால் பொட்டலங்களைக் கைவிடத் தொடங்கி, அனுப்புபவருக்கு முன்கூட்டியே சேதி சொல்லிவிடுகிறது. அனுப்பும் பக்கத்திலிருந்தே இதைச் சமாளிக்கும் முயற்சியாக, இழப்புக்குக் காத்திராமல் வழியின் வேகத்தையும் சுற்றுப்பயண நேரத்தையும் அளந்து ஓடும் பி.பி.ஆர் முறையைக் கூகுள் 2016-இல் வெளியிட்டது.

வேகத்துக்கு வரம்பு விதிக்கும் இரண்டு முறைகளை இங்கே வேறுபடுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒன்றென்றே பலர் கருதுகிறார்கள். ஷேப்பிங் என்பது மிகையாக வந்தவற்றை வரிசையில் நிறுத்தி மெதுவாக விடுவது. போலீசிங் என்பது மிகையாக வந்தவற்றை அந்த இடத்திலேயே எறிந்துவிடுவது. துண்டு துண்டாக வெடித்து ஓடும் காணொளிக்கு இரண்டாவது மிகக் கொடியது: சும்மா இருந்த விநாடிகளில் சேர்ந்த சலுகையால் துண்டின் முதல் பகுதி பறந்து வரும், பிறகு கொத்தாகப் பொட்டலங்கள் தொலையும், அவற்றைத் திரும்பப் பெறவே மீதி நேரம் செலவாகும். இதைத் தவிர்க்க, சர்வர்கள் துண்டை ஒரே மூச்சில் கொட்டாமல் காணொளியின் வீதத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் நிதானமாக விடுவது நல்லது. பார்ப்பவருக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை.

இதுவரை சொன்னவை எல்லாம், முப்பது விநாடிப் பஃபர் வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவர்களுக்கு. காணொளி அழைப்பில் அந்த வசதி இல்லை. இருவர் பேசிக்கொள்ளும்போது ஒருவழித் தாமதம் சில நூறு மில்லிவிநாடியைத் தாண்டினாலே ஒருவர் பேச்சில் ஒருவர் மோதத் தொடங்குவார்கள். எனவே உலாவி வழி அழைப்புகளுக்கான வெப்ஆர்.டி.சி போன்றவை யு.டி.பி-க்கே திரும்பின, பொட்டலங்களுக்கிடையிலான இடைவெளி விரிவதைக் கொண்டே வரிசை வளர்வதை மோப்பம் பிடித்து, இழப்பு நேரும் முன்பே என்கோடரின் வீதத்தைக் குறைக்கின்றன. இதில் ஒரு கண்ணி உண்டு. பொட்டலம் தொலைந்து படம் சிதைந்தால், பெறுபவர் புதிய ஐ-ஃபிரேம் கேட்பார். நெரிசலால் தொலைந்த இடத்துக்கு, இருப்பதிலேயே பெரிய ஃபிரேமை அனுப்பினால் நெரிசல் முற்றும், மேலும் தொலையும், மேலும் கேட்பார்கள். இருபது பேர் கூடிய அழைப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டால் அனுப்புபவர் ஐ-ஃபிரேம் தவிர வேறெதையும் அனுப்ப முடியாது. அதனால்தான் நடுவிலுள்ள சர்வர்கள் இந்தக் கோரிக்கைகளைச் சேர்த்து, குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒன்று என்று மட்டுப்படுத்துகின்றன.

பார்வையாளர்களின் எண்ணிக்கை வேறு வகையான சிக்கல். ஒரு லட்சம் பேர் 5 மெகாபிட் வீதம் பார்த்தால் விநாடிக்கு 500 ஜிகாபிட். ஒரே பொட்டலத்தை எல்லோருக்கும் கிளைபிரித்து அனுப்பும் மல்டிகாஸ்ட் 1990-களிலேயே சோதிக்கப்பட்டும், பொது இணையத்தில் வேரூன்றவில்லை. தன் சொந்த வலையமைப்புக்குள் தொலைக்காட்சி வழங்கும் நிறுவனங்கள் மட்டும் அதைப் பயன்படுத்துகின்றன. மற்றவர்கள் பிரதிகளைப் பார்வையாளருக்கு அருகே கொண்டுபோய் வைக்கும் வழியை எடுத்தார்கள். இரவில் இணைப்பு சும்மா இருக்கும்போது நிரப்பிவைத்த சர்வர் பெட்டியிலிருந்து மாலையில் படம் ஓடுவதும், ஒருவகையில் காத்திருப்பை இடம் மாற்றுவதுதான். அந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு என்பது 2020 மார்ச்சில் தெரிந்தது: ஊரடங்கில் ஐரோப்பிய வலையமைப்புகள் மீதான சுமை கூடியபோது, ஐரோப்பிய ஆணையர் தியெரி பிரெத்தோனின் வேண்டுகோளை ஏற்று நெட்ஃபிளிக்ஸ் அங்கே 30 நாட்களுக்குப் பிட் வீதங்களைக் குறைத்தது. தங்கள் போக்குவரத்து ஏறத்தாழ 25 சதவீதம் குறையும் என்று அது கணக்கிட்டது. படிக்கட்டின் உச்சிப் படிகளை எடுத்தாலே போதுமானதாக இருந்தது. ஒரு கேபிள்கூடப் புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை.

சொந்த இணைப்பில் ஒருவர் செய்யக்கூடியது இதே தர்க்கத்தின் சிறிய வடிவம். வரிசை நிற்பது பெரும்பாலும் மோடத்தில் அல்லது சேவை நிறுவனத்தின் கருவியில். அங்கே நமக்கு அதிகாரம் இல்லை. நம் ரவுட்டரில் எஃப்.கியூ-கோடெல் (ஓட்டங்களைத் தனித்தனி வரிசைகளாகப் பிரிக்கும் கோடெல்) வசதி இருந்தால், அதன் வேக வரம்பை இணைப்பின் உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வைக்கலாம். பத்து சதவீதத்தை இழக்கிறோம். பதிலாக, குறுகலான இடம் நம் ரவுட்டருக்கே வந்துவிடுகிறது. பலித்ததா என்று பார்க்க ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றத் தொடங்கி, மற்றொரு சாளரத்தில், பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட வேண்டும். முன்பு 20 மில்லிவிநாடியிலிருந்து 900-க்குத் தாவிய எண், இப்போது 40-ஐச் சுற்றியே நின்றால் வரிசை நம் கைக்கு வந்துவிட்டது. தாவினால், வரம்பை இன்னும் சற்றுக் குறைத்து மறுபடி பார்க்க வேண்டும்.